உறுப்பும் உயிரும்

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் ஆண்பாற் குழந்தையின் பருவங்களைப் பத்தாக வகுத்து, பெரும்பாலும் சிறுதேர்ப் பருவத்தையே இறுதியில் வைத்தனர். சப்பாணி கொட்டியும், அம்புலியை அழைத்தும், சிற்றில் சிதைத்தும், சிறுபறை முழக்கியும் வளர்ந்த பிள்ளை, முடிவில் தனக்கென்று ஒரு சிறு தேரைப் பெற்றுத் தெருவிலே உருட்டிச் செல்கின்றான். அத்தேரில் ஏறும் வீரனும் அவனே. அதனை இழுக்கும் குதிரையும் அவனே. சக்கரம் கழன்றால் மீண்டும் பூட்டும் தச்சனும் அவனே. இவ்வின்பத்தைக் குழந்தைப் பருவத்தோடு துறந்துவிட்டோம் என்று நாம் எண்ணிக்கொள்கின்றோம். நாம் துறக்கவில்லை, வெட்கத்தினால் ஒளித்து வைத்தோம்.

வளர்ந்தவர்க்கு ஏற்ற ஆட்டமென்று உலகம் மதிப்பது சதுரங்கம். அச்சொல்லுக்கு நான்கு உறுப்பு என்பதே பொருள்; தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையை அது குறித்தது. சதுரங்கத்தின் பெருமையை யான் குறைத்துக் கூறவில்லை. ஆயினும் அதன் காய்கள் ஆக்கி முடிந்தனவாகவே நம் கைக்கு வருகின்றன. குதிரையின் பாய்ச்சலை ஒரு கட்டம் கூட்டவோ, யானையின் சுமையைக் குறைத்து அதன் நடையை விரைவாக்கவோ நமக்கு உரிமை இல்லை. எண்ணிப் பார்க்கும் இன்பம் அங்கே உண்டு; ஆக்கிப் பார்க்கும் இன்பம் இல்லை. இவ்விரண்டு இன்பங்களும் ஓரிடத்திற் கூடினால் எங்ஙனம் இருக்கும்? அக்கூட்டத்தைக் கணிப்பொறித் திரையிலே காணலாம். அதனைப்பற்றியே இக்கட்டுரை.

மனிதர் உள்ளே அமர்ந்து செலுத்தும் மாபெரும் போர் எந்திரங்களுக்கு ‘மெக்’ என்பது வழக்கமான பெயர். தேர்ப்பாகனைப் போல உள்ளிருந்து நடத்துகின்றமையால், அவற்றைச் செலுத்துவோரைப் பாகர் என்றே ஈண்டு வழங்குகின்றேன். இவ்விளையாட்டுக்களில் ஆடுவோன் ஒரு சிறு படைக்குத் தலைவன். போருக்கு முன் ஒவ்வோர் எந்திரத்திற்கும் கால், கை, உடல், படைக்கலம் ஆகியவற்றைத் தானே தேர்ந்து பூட்டுகின்றான். போரிலே கட்டங்களாக வகுத்த நிலத்தின்மேல் முறைக்கு முறை அவற்றை நகர்த்துகின்றான். கைவிரைவு இங்கே வேண்டுவதில்லை. ஒரு நகர்வுக்குக் கால்மணி நேரம் சிந்தித்தாலும் கேட்பார் இல்லை.

இவற்றைக் காலக்கொலை என்றும், கொலை பயிற்றும் கல்வி என்றும் பெரியோர் பலர் கடிந்துரைப்பதை நாம் கேட்டிருக்கின்றோம். முதற்குற்றத்தை ஆடுவோனது அளவறியாமையின்மேல் ஏற்றலாம். அதற்கு நெடிய மறுப்பு வேண்டா. இரண்டாங்குற்றம் அங்ஙனம் எளிதில் தள்ளத்தக்கதன்று. இவ்விளையாட்டுக்களின் கவர்ச்சி ஆற்றலிலே பிறந்ததன்று, வரம்பிலே பிறந்தது என்பதும், அவற்றுள் நின்று மறைந்திருக்கும் ஒரு தீங்கு உண்டு என்பதும், அத்தீங்கை நமக்கு உணர்த்துவனவும் அவற்றுள் சிறந்தனவே என்பதும் என் கருத்து.

இவ்வெந்திரங்கள் பிறந்த வரலாற்றைச் சுருங்கக் கூறுவேன். மனிதன் உள்ளே ஏறிச் செலுத்தும் பேரெந்திரத்தை மக்களிடையே புகழ்பெறச் செய்தது, 1972 ஆம் ஆண்டில் ஜப்பானில் நாகாய் கோ என்னும் சித்திரக்கதை ஆசிரியர் படைத்த ‘மாசிங்கர் இசட்’ ஆகும். அங்கே எந்திரம் ஒரு பாட்டனார் தம் பெயரனுக்கு விட்டுச்சென்ற அற்புதப் பொருள். ஏறக்குறைய ஒரு தெய்வம். 1979 இல் டொமினோ யோஷியுகி இயக்கிய ‘மொபைல் சூட் கன்டம்’ என்னும் தொலைக்காட்சித் தொடர் அதனைத் தெய்வநிலையினின்றும் இறக்கிற்று. அங்கே எந்திரம் தொழிற்சாலையில் வரிசையாக ஆக்கப்படுவது, பழுதுபடுவது, மருந்தும் எண்ணெயும் தீர்ந்தால் நின்றுவிடுவது. போர்க்கருவி என்ற அளவில் அது துப்பாக்கியினின்றும் வேறன்று. தெய்வத்தின் உறுப்பை மாற்றிப் பூட்ட யார் துணிவார்? கருவியாக இறங்கிய பின்னரே மாற்றிப் பூட்டும் எண்ணம் பிறக்க இடமாயிற்று. அமெரிக்காவில் 1984 இல் எப்.ஏ.எஸ்.ஏ. என்னும் நிறுவனம் அறுகோணக் கட்டங்களின்மேல் இரு பகடைகளைக் கொண்டு ஆடும் பலகை விளையாட்டு ஒன்றை வெளியிட்டது. அதுவே மறு ஆண்டு முதல் ‘பேட்டில்டெக்’ என்னும் பெயரால் நிலைபெற்றது. ஜப்பானில் 1995 இல் துசிடா தோஷிரோ தலைமையில் ஆக்கப்பெற்று, ஸ்கொயர் நிறுவனத்தால் சூப்பர் பேமிகாம் பொறிக்கு வெளியிடப்பெற்றது ‘பிரண்ட் மிஷன்’. இவ்விரண்டு மரபுகளையும் அறிந்தால் ஏனையவற்றை அறிதல் எளிது.

மிஷன் கல்லூரியில் பயிலும் நமக்கு ‘மிஷன்’ என்ற சொல் காதில் விழுந்தால் பள்ளியும் மருத்துவமனையும் ஆலயமணியும் நினைவுக்கு வரும். இவ்விளையாட்டில் அது போர்முனைப் பணியைக் குறிப்பது. இதன் எந்திரங்களுக்கு ‘வான்சர்’ என்பது பெயர். நடக்கும் கவசவண்டி என்று பொருள்படும் ஜெர்மானியச் சொற்கோவையின் சுருக்கம் அது. ஒவ்வொரு வான்சருக்கும் உடல், இடக்கை, வலக்கை, கால் என உறுப்பு நான்கு. ஒவ்வோர் உறுப்பும் தனக்கென உறுதி உடையது, தனியே அடிபடுவது, தனியே அழிவது. கை அழிந்தால் அது ஏந்திய படைக்கலம் பயனற்றுப் போகும். கால் அழிந்தால் எந்திரம் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே முடங்கும். உடல் அழிந்தால் எல்லாம் அழியும். சதுரங்கக் காய் வெட்டுண்டால் பலகையை விட்டு முழுதும் நீங்குகின்றது. நொண்டிச் செல்லும் குதிரையைச் சதுரங்கத்திற் கண்டவர் இல்லை. வான்சரோ கை இழந்தும், கால் தளர்ந்தும், தோழர்க்கு அரணாக ஒரு மூலையில் நிற்கின்றது. பகைவனுடைய குண்டு எவ்வுறுப்பிற் படும் என்பது பெரும்பாலும் நம் வசத்தில் இல்லாமையால், ஒவ்வொரு முறையும் நெஞ்சு ஒரு கணம் நின்று துடிக்கின்றது.

பேட்டில்டெக் இன்னும் கடுமையானது. அப்பலகை விளையாட்டை ஆக்கியோருள் ஒருவரான ஜோர்டான் வைஸ்மன் தலைமையில், 2018 இல் ஹேர்பிரெயின்ட் ஸ்கீம்ஸ் என்னும் குழுவினர் அதனைக் கணிப்பொறிக்கு ஏற்ப ஆக்கினர். யான் ஆடியது அதுவே. அங்கே எந்திரங்கள் 20 டன் முதல் 100 டன் வரை எடையுடையன. எடை என்பது வரையறுத்த செல்வம். அதனை எதிற் செலவிடுவது என்பதே வினா. ‘கூனன்’ என்று பொருள்படும் பெயருடைய 50 டன் எந்திரம் ஒன்று உண்டு. அதன் வலத்தோளில் 14 டன் எடையுள்ள பெரும் பீரங்கி ஏற்றப்பட்டிருப்பதே அக்கூனுக்குக் காரணம். அருகில் நின்று சுட்டால் எதிரியின் கை தோளோடு பெயர்ந்து விழும். ஆனால் அப்பீரங்கிக்குக் குண்டுப்பெட்டி வேண்டும். அப்பெட்டியிற் பகைவன் அடித்தால் உள்ளிருக்கும் குண்டுகள் வெடித்து நம் எந்திரத்தையே சிதைக்கும். பீரங்கியை இறக்கிவிட்டு, ஒன்று ஒரு டன் எடையுள்ள லேசர்க் கருவிகளை ஏற்றினால் குண்டுப்பெட்டி வேண்டா. ஆனால் ஒவ்வொரு முறை சுடும்போதும் வெப்பம் ஏறும். வெப்பம் மிகுந்தால் எந்திரம் தன்னைத்தானே எரித்துக்கொள்ளும். அல்லது போரின் நடுவே உறங்கிவிடும். வெப்பந்தணிக்கும் கருவி பூட்டலாம்; அதுவும் ஒரு டன். அந்த ஒரு டன்னை எங்கிருந்து எடுப்பது? கவசத்தைக் குறைத்து எடுக்கலாம். எந்தப் பக்கத்துக் கவசத்தை? முதுகுப்புறம் யாரும் வரமாட்டார் என்று நம்பி அங்கே குறைக்கலாம். அவ்வாறு நம்பிய அன்றே முதுகுப்புறம் ஒருவன் வருவான்.

அன்பர்களே, இவ்விளையாட்டின் மெய்யான களம் போர்க்களம் அன்று. பட்டறையே அதன் களம். போர் ஒருமணி நேரத்தில் முடிகின்றது. அதற்கு முன் பட்டறையில், இதை ஏற்றி, அதை இறக்கி, மீண்டும் அதையே ஏற்றி, அரை டன்னுக்காக மனம் நொந்து கழியும் நேரமே நீண்டது, இனியது. வரம்பில்லாத எடையைக் கொடுத்து எல்லாவற்றையும் பூட்டிக்கொள் என்று ஒருவர் கூறுவாராயின், அக்கணமே அவ்விளையாட்டு இறந்துபோம். சீர்வரையறை இல்லாமல் வெண்பா எழுதச் சொன்னாற் போன்றது அது. வெண்பாவின் நாலாம் அடியில் மூன்றே சீருக்கு இடமிருத்தலாலன்றோ, அம்மூன்று சீரைத் தேடும் மாணாக்கன் இரவெல்லாம் விழித்திருக்கின்றான்?

தனக்குப் பொருந்தும் கருவியைத் தேர்தல் எத்துணைப் பெரிய அறிவு என்பதற்குத் திருமறையிலேயே சான்று உண்டு. கோலியாத்தை எதிர்க்கத் துணிந்த இளைஞன் தாவீதுக்கு அரசனாகிய சவுல் தன் வெண்கலத் தலைச்சீராவையும் கவசத்தையும் அணிவித்தான். தன் பட்டயத்தையும் கொடுத்தான். அவை நாட்டில் மிகச் சிறந்த படைக்கலங்களே. தாவீது அணிந்து நடந்து பார்த்தான். பழகாதவையென்று களைந்து வைத்தான். ஆற்றிலிருந்து வழுவழுப்பான 5 கற்களைத் தேர்ந்து பையிலிட்டுக்கொண்டு கவணுடன் சென்றான். அவ்வெற்றியைக் கடவுளின் அருட்செயல் என்று நாம் போற்றுகின்றோம். அவ்வருள் ஒருவனது நிதானத்தின் வழியாகவும் செயற்பட்டது என்று கொள்வதில் பிழையில்லை. சிறந்தது வேறு, பொருந்தியது வேறு என்பதைப் பட்டறையில் அமரும் ஒவ்வோர் இளைஞனும் தன் தோல்விகளின் வழியே கற்றுக்கொள்கின்றான்.

பட்டறையை விட்டுக் களத்திற்கு வந்தால், திருவள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்ததன் பொருத்தம் விளங்கும். பாட நூலாக அவற்றை யான் படித்தபோது மூன்றும் ஒரே அறிவுரையின் மூன்று வடிவம் என்றே எண்ணியிருந்தேன். ஓர் ஓடை அவ்வெண்ணத்தைத் திருத்திற்று. நீரில் நிற்கும் எந்திரத்தின் வெப்பம் விரைவில் தணியும். ஆகையால் லேசர் மிகுந்த எந்திரத்தை ஓடைக்குள் நிறுத்துதல் நன்று. இஃது இடம். எதிரிகள் யாவரும் தம் முறையை முடித்தபின் நம் முறை வந்தால், அடித்து உடனே விலகலாம். முந்தினால் திருப்பியடி உண்டு. இது காலம். ஆனால் இருவர் வருவார் என்று எண்ணி ஓடையில் நின்றேன், நால்வர் வந்தனர். இடமும் காலமும் அறிந்திருந்தும் மாற்றான் வலியை அறியாமல் கெட்டேன். மூன்றும் மூன்று வேறு அறிவுகள். ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்யாது. ஓர் அதிகாரத்தைத் தோற்று உணர்வதும் ஒருவகைப் பாராயணமே.

போர் முடிந்த பின்னரும் கவலை முடிவதில்லை. பேட்டில்டெக்கில் நாம் கூலிப்படைத் தலைவராகின்றோம். திங்கள்தோறும் பாகர்க்குச் சம்பளம் கொடுத்தல் வேண்டும்; எந்திரங்களைப் பேணும் செலவு வேறு. செலவைச் சுருக்கினால் படையினரின் ஊக்கம் குன்றுகின்றது. காயம்பட்ட பாகர் நாட்கணக்கில் மருத்துவப் பகுதியிற் கிடக்கின்றனர், இறந்தவர் மீள்வதில்லை. ஒவ்வோர் ஒப்பந்தத்தின்போதும் கூலியைக் கூட்டிக் கேட்பதா, களத்தில் வீழ்ந்த எந்திரங்களின் உறுப்புக்களில் மிகுதியைக் கேட்பதா என்று பேசி முடித்தல் வேண்டும். அவ்வுறுப்புக்களைக் கொண்டே நம் படை வளர்கின்றது. யான் முன்னர்க் குறித்த தீங்கு இங்கேதான் ஒளிந்திருக்கின்றது.

வீழ்ந்த பகை எந்திரத்தில் நமக்கு எஞ்சுவது எவ்வளவு? அதன் நடுவுடலை உடைத்து வீழ்த்தினால் ஒரு பங்கு. இரு கால்களையும் முறித்து வீழ்த்தினால் இரண்டு பங்கு. எந்திரம் பழுதுபடாமல் அதன் பாகனை மட்டும் கொன்றால் மூன்று பங்கு. மூன்று பங்கு சேர்ந்தால் முழு எந்திரம் ஒன்று நமக்குச் சொந்தம். கணக்கு மிகவும் நேர்மையானது, அதனாலேயே அச்சந்தருவது. மனிதனை அழித்து இரும்பைக் காத்தவனுக்கே இவ்வேட்டில் வரவு மிகுதி.

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து யான் இதனை ஆடிக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்புப் படிக்கும் என் தம்பி அருகில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். நெடுநாள் விரும்பிய பெரிய எந்திரம் ஒன்று பகைவரிடம் இருந்தது. அதனை வீழ்த்தி நிலத்திற் கிடத்தி, தலைப்பகுதியையே குறிவைத்து மும்முறை அடித்தேன். எந்திரம் சிறிதும் சிதையாமல் நின்றுபோயிற்று. “முழுசாகக் கிடைத்துவிட்டது!” என்று கைகொட்டினேன்.

“அண்ணா, உள்ளே இருந்தவன் என்ன ஆனான்?” என்றான் தம்பி.

“அவன் செத்துவிட்டான், எந்திரத்திற்கு ஒன்றும் ஆகவில்லை” என்றேன்.

தம்பி மறுமொழி கூறவில்லை. என் சொல் என் செவியிலேயே விழுந்தது. ‘எந்திரத்திற்கு ஒன்றும் ஆகவில்லை’ என்பதை நற்செய்தியாக அன்றோ யான் கூறினேன்! சித்திரத்திலுள்ள பாகன் செத்தான் என்பதற்காக வருந்துதல் பேதைமை என்று கூறலாம். யான் அவனுக்காக வருந்தவில்லை. அவ்வாறு கூறிய என் நாவிற்காகவே வருந்தினேன். விளையாட்டு என்னைக் கொலைகாரனாக்கவில்லை. கத்தியைக் கையில் எடுக்கும் ஆசை எனக்குப் பிறக்கவுமில்லை. பெரியோர் அஞ்சும் தீங்கு அது, மெய்த்தீங்கு வேறு. எல்லாவற்றையும் உறுப்பாகவே எண்ணிப் பழகிய கண், உள்ளிருக்கும் உயிரையும் உறுப்பென்றே எண்ணிவிடுகின்றது. உறுப்பிலும் விலை குறைந்த உறுப்பாக.

இனிப் பிரண்ட் மிஷனுக்கு மீள்வோம். அதன் கதை பசிபிக் பெருங்கடலிலுள்ள ஹப்மன் என்னும் கற்பனைத் தீவில் 2090 ஆம் ஆண்டில் தொடங்குகின்றது. தீவின் இரு பாதிகளையும் இரு பெருங் கூட்டரசுகள் ஆள்கின்றன. ஒரு பக்கத்துப் படைத்தலைவனாகிய ராய்ட் கிளைவ் என்பவன், மறுபக்கத்திலுள்ள படைக்கலத் தொழிற்சாலை ஒன்றை வேவு பார்க்கச் சிறு குழுவுடன் செல்கின்றான். அக்குழுவில் அவன் மணக்கவிருந்த காரென் என்பவளும் இருக்கின்றாள். அங்கே டிரிஸ்கால் என்பவன் அவர்களைத் தாக்குகின்றான், காரென் மறைகின்றாள், தொழிற்சாலை வெடிக்கின்றது, பழி ராய்டின் பக்கத்தின்மேல் விழுகின்றது, போர் மூள்கின்றது. படையினின்றும் நீக்கப்பட்ட ராய்ட் கூலிப்படையிற் சேர்ந்து அவளைத் தேடுகின்றான்.

நாமோ, அவன் தேடும்போதெல்லாம் கடைகடையாகப் புகுந்து உறுப்பு வாங்குகின்றோம். நல்ல கால், உறுதியான உடல், குறி தவறாத கை என்று வாங்குகின்றோம். எந்திரத்தின் செயலைத் திருத்தும் கணிப்பொறியும் அங்கே விற்கும் உறுப்புக்களுள் ஒன்று. பணம் சேரச்சேரப் பழையதைக் கழற்றிவிட்டு மேலானதைப் பூட்டுகின்றோம். அவ்வாறு பல நாள் மகிழ்ந்தபின் கதை தன் உள்ளத்தைத் திறக்கின்றது. மனிதர் மூளையைக்கொண்டே போர் எந்திரங்களுக்குக் கணிப்பொறி ஆக்கும் கொடிய ஆராய்ச்சி ஒன்று மறைவில் நடந்து வருகின்றது. காரென் அதற்கு இரையாகிவிட்டாள். ராய்ட் தேடியவள் ஓர் உறுப்பாகி எந்திரத்தினுள் இருக்கின்றாள்.

இதனை அறிந்தபோது ஆடுவோனுக்கு உண்டாகும் நடுக்கம், கதை படிப்போனுக்கு உண்டாகும் நடுக்கத்தினின்றும் வேறானது. கதை படிப்போன் பகைவனை மட்டும் வெறுக்கலாம். ஆடுவோன் அங்ஙனம் தப்ப முடியாது. சிறந்த கணிப்பொறி எங்கே கிடைக்கும் என்று கடையில் துருவிப் பார்த்த கண் அவனுடையது. அந்தக் கண்ணின் ஆசை முற்றினால் எதில் முடியும் என்பதையே அவனுக்குக் காட்டினர். பட்டறையின் இன்பத்தை நமக்கு வயிறார ஊட்டியபின், அவ்வின்பத்தின் எல்லைக்கல் எது என்று நம்மையே கேட்கச் செய்வது அரிய கலைத்திறம். இது 1995 இல் ஆக்கப்பட்டது. ஆங்கிலத்தில் முறைப்படி வெளிவர 2007 வரை ஆயிற்று. 2022 இல் புதுக்கியும் வெளியிட்டனர். படங்கள் புதுமை பெற்றன. அக்கேள்விக்குப் புதுமை வேண்டியிருக்கவில்லை.

வேறொரு வழியில் இதே கேள்வியை எழுப்புவது, 2018 இல் சப்செட் கேம்ஸ் என்னும் சிறு குழுவினர் வெளியிட்ட ‘இன்டு த பிரீச்’ ஆகும். பக்கத்திற்கு எட்டாக 64 கட்டங்கள். நம்மிடம் எந்திரங்கள் மூன்றே. மண்ணைப் பிளந்துவரும் பெரும் பூச்சிகள் மக்கள் வாழும் கட்டடங்களைத் தாக்குகின்றன. அவை எதனைத் தாக்கப்போகின்றன என்பது முன்னதாகவே நமக்குக் காட்டப்படுகின்றது. நம் எந்திரம் பெற்ற அடி போர் முடிந்ததும் தானே ஆறிவிடும்; கட்டடம் பெற்ற அடியோ அங்ஙனம் ஆறுவதில்லை. ஆகையால், பகையைத் தள்ளிவிட வழியில்லாதபோது, ஆடுவோன் தன் எந்திரத்தைக் கட்டடத்திற்கு முன் நிறுத்தி அடியைத் தான் ஏற்கின்றான். எந்திரம் அழிந்தால் அதனுள் இருந்த பாகர் இறப்பார்; அடுத்த போருக்கு எந்திரம் மட்டும் மீளும், உள்ளே ஆளின்றி. அவ்வெற்று எந்திரத்தைச் செலுத்தியவர் எவரும், எந்திரத்திற்கு ஒன்றும் ஆகவில்லை என்று கைகொட்டமாட்டார். பேட்டில்டெக்கின் கணக்கு இங்கே தலைகீழாக எழுதப்பட்டிருக்கின்றது.

பவுலடிகள் கொரிந்து சபையாருக்கு எழுதிய முதல் நிருபத்தில் உடலையும் உறுப்புக்களையும் உவமையாக எடுத்தாண்டதை நாம் அறிவோம். அவர் கூறும் உறுப்புக்கும் பட்டறையில் நாம் பூட்டும் உறுப்புக்கும் பெயரொற்றுமை உண்டு; பொருளொற்றுமை இல்லை. பட்டறையில் வலியற்ற உறுப்பு கழற்றி எறியத்தக்கது. உடலிலோ வலியற்ற உறுப்பே மிகுந்த பேணுதலைப் பெறுவது. எந்திரத்தின் கை நொந்தால் எந்திரம் அறியாது. உடலின் விரல் நொந்தால் உடல் முழுதும் உறக்கமின்றி விழிக்கும். முன்னதை மனிதரிடத்தும், பின்னதை எந்திரத்தினிடத்தும் பொருத்திப் பார்ப்பதே இக்காலத்தின் பெருந்தவறு என்று எனக்குத் தோன்றுகின்றது. தொலைவிலுள்ள ஓர் அறையில் அமர்ந்து ஆளில்லா விமானத்தைச் செலுத்தி மனிதரைக் கொல்லுதல் இக்காலப் போரின் நடைமுறையாகிவிட்டது. போரில் மட்டுமா? நம்முள் பலர் நாளை அலுவலகத் தலைவராகவும், தலைமையாசிரியராகவும், மருத்துவராகவும் அமர்வோம். இன்னாரை இன்ன இடத்திற் பூட்டுவது, இன்னாரைக் கழற்றுவது என்று முடிவு செய்யும் ஏடு நம் முன் விரிக்கப்படும். அன்று அவ்வேட்டிலுள்ள பெயர்களை எந்தக் கண்ணால் வாசிப்போம்?

ஆகையால் இவ்விளையாட்டுக்களை விலக்கிவிடுக என்று யான் கூறவில்லை. விலக்கியவர்க்கு அக்கண் வாராது என்னும் உறுதியும் இல்லை. கணிப்பொறியைத் தொட்டறியாத பலரும் மனிதரை உறுப்பாக எண்ணியே வாழ்ந்து முடிந்தனர். தேர்வுக்கு முந்திய வாரத்தில் ஆடற்க. உறங்கும் நேரத்தைத் திருடி ஆடற்க. இவ்வளவும் கூறப் பெரியோர் இருக்கின்றனர். யான் வேண்டுவது வேறு. ஆடுக, அரை டன்னுக்காக மனம் நொந்து பட்டறையில் அமர்க, பொருந்தாத பெரும் பீரங்கியை இறக்கிவைக்கும் நிதானத்தைக் கற்றுக்கொள்க, ஓடையில் நின்று தோற்று வள்ளுவரைத் திறந்து பார்க்க. ஆனால் முழு எந்திரமும் கைக்கு வந்த மகிழ்ச்சியில் திளைக்கும் நேரத்தில், அருகில் ஒரு தம்பி அமர்ந்திருப்பதாக எண்ணிக்கொள்க.

விடுமுறை முடிந்து விடுதிக்குத் திரும்பும் முன்பு அவ்வாட்டத்தை மீண்டும் ஒருமுறை ஆடினேன். இம்முறை கால்களையே குறிவைத்தேன். மூன்று பங்குக்கு இரண்டே கிடைத்தது. தம்பி அருகில் வந்து பார்த்தான். கீழே விழுந்த எந்திரத்தைச் சுட்டிக்காட்டி, “இவன் பிழைத்துக்கொண்டானா, அண்ணா?” என்று கேட்டான்.

“பிழைத்திருப்பான்” என்றேன். அந்த ஒரு பங்கு குறைந்தது எனக்கு இன்றளவும் நட்டமாகத் தோன்றவில்லை.